560 எஞ்சின் ஏறிய என் 280 எஸ்இ: ஒரு பட்டறையின் வேலை எப்படி இருந்தது

என் பழைய மெர்சிடிஸில் பெரிய எஞ்சின் ஏற்றச் சொல்லி ஒரு பட்டறையில் விட்டேன், பதினொரு மாதம் காத்திருந்து கார் கைக்கு வந்தது, வந்து ஒன்றரை வருடமும் ஓடிவிட்டது. கார் திரும்பி வந்த வாரமே எழுதியிருந்தால் வெறும் பாராட்டாக இருந்திருக்கும், மூன்றாவது மாதம் எழுதியிருந்தால் வெறும் கோபமாக இருந்திருக்கும். இப்போது இரண்டையும் சேர்த்தே சொல்லலாம் என்று தோன்றுகிறது. பழைய சொகுசு கார் ஒன்றை வைத்துக்கொண்டு "இதில் இன்னும் கொஞ்சம் வேகம் ஏற்றினால் என்ன" என்று ராத்திரி படுக்கும்போது யோசிக்கிற ஆளாக நீங்கள் இருந்தால் இதைக் கடைசிவரை படித்துவிடுங்கள், ஏனென்றால் நானும் அப்படி யோசித்துத்தான் ஆரம்பித்தேன்.

பட்டறையின் பெயரை எழுதவில்லை. அவர்கள் கெட்ட ஆட்கள் இல்லை, கைவேலையில் நல்ல திறமைசாலிகள். இந்த வேலையை எடுத்துச் செய்கிற வேறு சில இடங்களையும் அதற்கப்புறம் போய்ப் பார்த்தேன், அங்கேயும் இதே வரிசைக் கோளாறுதான்: முதலில் எஞ்சின், அப்புறம் பளபளக்கும் வீல், கடைசியாகக் காசும் நேரமும் மிஞ்சினால் பிரேக். என் குறை முழுக்க அந்த வரிசை மேல்தான்.

கார் 1983 மாடல் மெர்சிடிஸ் 280 எஸ்இ, டபிள்யூ 126 வகை. 1979இல் வெளிவந்த எஸ்-கிளாஸ் இது, புரூனோ சாக்கோ வடிவமைப்புத் தலைவராக இருந்த காலத்து உருவம். இன்றைக்கும் ரோட்டில் நின்றால் வயதான கார் என்று சொல்ல மனசு வராது. கதவைச் சாத்தினால் வருகிற அந்தக் கனத்த சத்தம், நான்கு மணி நேரம் உட்கார்ந்தாலும் முதுகு வலிக்காத சீட், பானெட்டின் நுனியில் நிற்கும் நட்சத்திரம். எல்லாம் சரி, ஆனால் உள்ளே இருந்தது 2.7 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின், 185 குதிரைத்திறன், உச்ச வேகம் மணிக்கு 210 கிலோமீட்டர். அந்த உடம்புக்கு அந்த எஞ்சின் போதவே போதாது என்று எனக்கு எப்போதும் ஒரு ஏக்கம்.

அந்த ஏக்கத்தை வளர்த்துவிட்டதே மெர்சிடிஸ்தான். 1968இல் 300 எஸ்இஎல் 6.3 என்று ஒன்றை விட்டார்கள்: எரிக் வாக்ஸன்பெர்கர் என்ற பொறியாளர் பெரிய 600 காருக்கான 6.3 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினை, அதைவிடச் சிறிய எஸ்இஎல்லின் உடம்புக்குள் வைத்த கதை அது. 250 குதிரைத்திறன், வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கம்பெனி முதலாளி உட்கார்ந்து போகிற அமைதியான கார். அதற்குப் பிறகு 1975இல் 450 எஸ்இஎல் 6.9. இந்தக் கதைகளைப் படித்து வளர்ந்தவனுக்கு, தன் காரில் ஒரு வி8 ஏற்ற வேண்டும் என்று தோன்றாமல் இருக்காது.

பட்டறையில் முதல் நாள் நடந்த பேச்சு நன்றாக நினைவிருக்கிறது. தலைமை மெக்கானிக் காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "சார், இதுக்கு 560 எஞ்சின்தான் சரி. அடிபட்ட வண்டி ஒண்ணு தெரிஞ்ச இடத்துல நிக்குது, எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூணையும் அப்படியே எடுத்துடலாம்" என்றார். 560 என்பது இதே டபிள்யூ 126 வரிசையில் பெரிய வி8 எஞ்சினோடு வந்த கார். பிரேக் பற்றிக் கேட்டேன். "அது அப்புறம் பார்த்துக்கலாம் சார், முதல்ல வண்டி ஓடட்டும்." நானும் தலையை ஆட்டினேன். அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எஞ்சின் வேலை உண்மையிலேயே அருமை. அந்த 5.5 லிட்டர் வி8, 300 குதிரைத்திறன் தருகிற ஐரோப்பிய வகை. இதில் தெரிந்த ஒரு பலவீனம் உண்டு. டைமிங் செயினுக்கு வழிகாட்டியாக நிற்கும் பிளாஸ்டிக் பட்டைகள் வருடக்கணக்கில் ஆயில் சூட்டில் வெந்து உதிர ஆரம்பிக்கும், ஒரு துண்டு உடைந்து செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே போனால் வால்வு, பிஸ்டன் எல்லாம் போச்சு. மெக்கானிக் பழைய பட்டையைக் கழற்றி என் கையில் வைத்தார். கரும்பழுப்பு நிறம். இரண்டு விரலால் லேசாக வளைத்தேன், காய்ந்த சுள்ளி மாதிரி "டப்"பென்று முறிந்தது. புதுப் பட்டையையும் கொடுத்தார், அதை வட்டமாக வளைத்தாலும் ஒன்றும் ஆகவில்லை. செயின், பட்டைகள், செயினை இறுக்கி வைக்கும் டென்ஷனர் என எல்லாமே புதிதாகப் போட்டார்கள். பெட்ரோல் இன்ஜெக்டர்களின் ரப்பர் சீல்கள், டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ்கள் எதையும் விடவில்லை. ரேடியேட்டரும் 560க்கு உரியதையே வைத்தார்கள். ஒன்றரை வருடத்தில் ஒரு சொட்டு ஆயில் ஒழுகியதில்லை.

எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொடுக்கும் டிஃபரன்ஷியலையும் சேர்த்து மாற்றியது புத்திசாலித்தனம். பலர் இதை விட்டுவிடுவார்கள். என் காரில் முன்பு இருந்தது 3.69 விகிதம், அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற ஷாஃப்ட் 3.69 முறை சுற்ற வேண்டும். அதை வைத்துக்கொண்டு 250 போக வேண்டுமானால் எஞ்சின் நிமிடத்துக்கு 7,700 சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும், அந்த வி8 அவ்வளவு தாங்காது. 2.65 போட்டால் அதே வேகத்துக்கு ஏறத்தாழ 5,600 போதும். இதையெல்லாம் பேப்பரில் எழுதிக் காட்டித்தான் செய்தார்கள், அந்த மரியாதை அவர்களுக்கு உண்டு.

ஆனால் அதே பேப்பரில் இன்னொரு கணக்கும் போட்டிருக்க வேண்டும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும், அதைத் தள்ளத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடியாக ஏறும். 210 போக 185 குதிரைத்திறன் வேண்டும் என்றால், 250க்கு எவ்வளவு? 250ஐ 210ஆல் வகுத்து, வந்ததை 185ஓடு மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 310 வரும். மெர்சிடிஸ் 560க்குச் சொன்ன 300 குதிரைத்திறன், 250 கிலோமீட்டர் என்ற கணக்கோடு இது எவ்வளவு நெருக்கமாகப் பொருந்துகிறது பாருங்கள். அதாவது கூடுதலாகக் கிடைக்கிற 40 கிலோமீட்டருக்கு 115 குதிரைகள் செலவு. அந்த 40 கிலோமீட்டரும் காரின் மற்ற எல்லாப் பாகத்திடமும் தனித்தனியாக வரி கேட்கும், அதை யாரும் அன்றைக்குச் சொல்லவில்லை.

முதல் வரி பிரேக்கில் வந்தது.

கார் வந்த மூன்றாவது வாரம் ரேஸ் டிராக்குக்கு எடுத்துப்போனேன். பொது ரோட்டில் இந்த வேகத்தைத் தொடக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. அங்கே வருகிற மற்றவர்கள் இந்தப் பந்தயத்துக்குச் சம்மதித்தவர்கள் இல்லை. டிராக்கில் நேர்ப்பாதையின் கடைசியில் மீட்டர் 195ஐத் தொட்டது, அங்கிருந்து 80க்குக் குறைத்து வலது பக்க வளைவு. முதல் மூன்று சுற்று சொர்க்கம். அந்த எஞ்சின் இழுக்கிற இழுப்பு, பெரிய கப்பல் ஒன்று சத்தமில்லாமல் வேகம் எடுப்பது போல இருக்கும். நான்காவது சுற்றில் பெடல் கொஞ்சம் மெத்தென்று இருந்தது. ஐந்தாவது சுற்றில் காலை வைத்தால் பாதி தூரம் வரை ஒன்றுமே இல்லை, பஞ்சை மிதிக்கிற மாதிரி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. காலை எடுத்து மறுபடி மறுபடி வேகமாகத் தட்டினேன், மூன்றாவது தட்டில்தான் பிடித்தது. அதற்குள் வளைவு முடிந்து, கார் சரளைக்கல் படுகையில் பாதி இறங்கி நின்றிருந்தது. எனக்கும் காருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கை நடுங்கியது மட்டும் அரை மணி நேரம் நிற்கவில்லை.

என்ன நடந்தது என்றால், பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. டாட் 4 தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்தத் தரம் கேட்பது 155 டிகிரிதான். கொதித்தால் ஆவிக்குமிழி, குமிழி அமுங்கும், அமுங்கினால் பெடலுக்கும், பேடை டிஸ்க் மேல் அழுத்தும் காலிப்பருக்கும் தொடர்பு அறுந்த மாதிரி. அன்றைக்கு ஒரு நண்பர் நிப்பிளைத் திறந்து ஆயிலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துக் காட்டினார். இளமஞ்சளாக இருக்க வேண்டியது துருத்தண்ணீர் போலப் பழுப்பாக இருந்தது. எஞ்சினைப் பிரித்து மேய்ந்த பட்டறை, பிரேக் ஆயிலைக்கூட மாற்றவில்லை.

டிஸ்க்கும் பேடும் அதே பழைய 280 எஸ்இயின் அளவு. 1985இல் மெர்சிடிஸ் இந்த வரிசையைப் புதுப்பித்தபோது வீலை 14 அங்குலத்திலிருந்து 15க்கு மாற்றினார்கள், உள்ளே பெரிய பிரேக்குக்கும் இடம் கிடைத்தது. அடிபட்ட அந்த 560இலேயே முன்பக்கப் பெரிய டிஸ்க்கும் காலிப்பரும் இருந்திருக்கும்! எஞ்சினை எடுத்தவர்கள் இரண்டடி தள்ளி இருந்ததை ஏன் எடுக்கவில்லை? இதைத்தான் என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. 100இல் போகும்போது நல்ல டயர், நல்ல பிரேக் இருந்தால் ஏறத்தாழ 50 மீட்டரில் நிற்கிற கார், 200இல் ஏறத்தாழ 200 மீட்டர் எடுத்துக்கொள்ளும். அதற்கு முன்னால் நீங்கள் சுதாரிக்கிற ஒரு நொடியில் 55 மீட்டர் கடந்து போயிருக்கும், அது தனிக்கணக்கு.

தலைமை மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். "அண்ணே, பிரேக் இல்லாம போச்சு" என்று ஆரம்பித்தேன், கோபத்தைவிடப் பயம்தான் குரலில் இருந்தது. "நீங்க டிராக்ல ஓட்டுவீங்கன்னு சொல்லலையே சார்" என்றார். வேகத்துக்காகவே மாற்றிய காரை வேறு எங்கே ஓட்டுவது?

சரி, அடுத்தது டயர். இது இன்னும் மோசம். 17 அங்குல அகல வீல் போட்டுக் கொடுத்திருந்தார்கள், டயரும் அதோடு வந்தது, தடம் ஆழமாக, பார்க்கப் புதுசு போலவே இருந்தது. டிராக்கிலிருந்து திரும்பிய பிறகு டார்ச் அடித்துப் பக்கவாட்டைப் படித்தேன். டாட் என்ற எழுத்துகளோடு வரும் நீண்ட குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் 3110. அதாவது 2010ஆம் ஆண்டின் 31வது வாரம். தடம் இருந்து என்ன பயன், ரப்பர் உள்ளே காய்ந்துபோய் அடுக்குகள் பிரியத் தயாராக இருக்கும் வயது. டயர் தாங்கும் வேகத்தைச் சொல்லும் இன்னொரு எழுத்து எச். எச் என்றால் 210 வரை, வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270, ஒய் என்றால் 300. 250 போகக்கூடிய காரில் 210க்கான, பதிமூன்று வருடத்துக்கு மேல் வயதான டயர். அதிவேகத்தில் டயர் கெட்டுப்போவது சூட்டினால்தான். ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் மடங்கி விரியும், அந்த மடக்கு சூடாகும், காற்று குறைவாக இருந்தால் இன்னும் அதிகமாக மடங்கும். ஒரு கட்டத்துக்கு மேல் மடங்கிய இடம் விரிவதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும், டயரில் அலை நிற்கும், சில நிமிடத்தில் தடம் உரிந்து போகும். அந்த நேரம் 1,800 கிலோ எடையோடு நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பது உங்கள் கையில் இல்லை.

டயர் வாங்கும்போது எழுத்தையும் நான்கு இலக்கத்தையும் நீங்களே குனிந்து படியுங்கள். சில டயரில் தேதி உள்பக்கம் இருக்கும், வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லிப் பாருங்கள். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள், நினைத்தாலும் பரவாயில்லை.

ஸ்டியரிங் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன், இதை யாரும் பேசுவதில்லை. இந்தக் காரில் இருப்பது இன்றைய கார்களில் வருகிற ரேக் அண்ட் பினியன் கிடையாது. ஒரு பெட்டிக்குள் உருண்டைக் குண்டுகள் சுழன்று வரும் பழைய வகை, அதிலிருந்து தண்டுகள், இணைப்புகள், எதிர்ப்பக்கம் தண்டைத் தாங்கும் ஒரு ஐட்லர் ஆர்ம் என்று நீண்ட சங்கிலி. ஒவ்வொரு இணைப்பிலும் முடி அளவு ஆட்டம் இருந்தால்கூட கடைசியில் ஸ்டியரிங்கில் இரண்டு விரல்கடை ஆட்டமாகச் சேரும். என் காரில் அப்படித்தான் இருந்தது. பட்டறையில் என்ன செய்தார்கள் தெரியுமா? தேய்ந்த இணைப்புகளை விட்டுவிட்டுப் பெட்டியின் மேலே இருக்கும் சரிசெய்யும் ஸ்குருவை இறுக்கிவிட்டார்கள். கையில் ஆட்டம் போய்விட்டது, நானும் "அடடா, புது கார் மாதிரி இருக்கே" என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் அளவுக்கு மேல் இறுக்கினால் நடுநிலையில் அது பிடித்துக்கொள்ளும். வளைவு முடிந்து கையை விட்டால் சக்கரம் தானாக நேருக்கு வர வேண்டும், என் காரில் வரவில்லை. 60இல் இது தெரியவே தெரியாது. 180இல் நேர்ப்பாதையில் ஒரு மேடு தட்டி கார் லேசாக விலகினால், திருத்தக் கையை அசைக்கும்போது முதலில் ஒட்டிக்கொண்டு அப்புறம் சட்டென்று விடும். திருத்தம் தேவைக்கு மேல் போகும், அதை மறுபக்கம் திருத்தப் போய் அதுவும் அதிகமாகும். பின்னால் அகல டயர் வேறு, ரோட்டின் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு அதன் போக்கில் இழுக்கும். இது எனக்கு ஒரு முறை நடந்தது, மூன்று தள்ளாட்டத்தில் அடங்கியது, பக்கத்தில் வேறு கார் இல்லை.

காரைத் தாழ்த்தியதும் அவர்கள் யோசனைதான். பார்க்க அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் காரின் பின்சக்கரம் சாய்ந்த அச்சில் ஏறி இறங்கும் அமைப்பு. தாழ்த்தினால் இரண்டு சக்கரமும் மேல்பக்கம் உள்ளே சாயும், டயரின் உள்விளிம்பு மட்டும் தரையில் உழைத்துச் சூடேறித் தேயும். அதோடு, வளைவில் பயந்துபோய் ஆக்ஸிலேட்டரைத் திடீரென்று விட்டால், எடை முன்னே போய்ப் பின்பகுதி தூக்கி, சக்கரங்களின் கோணம் மாறி, வால் வெளியே வரப்பார்க்கும். பழைய 185 குதிரைக் காரில் அந்த வேகத்துக்கு வளைவுக்குள் வரவே முடியாது. இப்போது வர முடியும், அதுதான் ஆபத்து.

இரண்டாவது பட்டறைக்குக் காரை எடுத்துப்போனது 150க்கு மேல் வந்த ஒரு நடுக்கத்துக்காக. சின்ன இடம், ஒரு வயதானவரும் அவர் மகனும். பெரியவர் எஞ்சினைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, நேராக லிஃப்டில் ஏற்றச் சொன்னார். கியர்பாக்ஸுக்கும், அதன் சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டுக்கும் நடுவே ஆறு போல்ட்டில் நிற்கும் தடித்த ரப்பர் கப்ளிங் ஒன்று உண்டு. விளக்கைக் கிட்டே பிடித்து, கட்டைவிரலால் அழுத்தி, "இங்க பாருங்க தம்பி" என்றார். போல்ட் துளையைச் சுற்றி நகத்தால் கீறினது போல மெல்லிய வெடிப்புகள், அழுத்தும்போது மட்டும் வாயைத் திறந்தன, விட்டால் மூடிக்கொண்டன. மூன்றாவது துளைக்குப் பக்கத்தில் ரப்பருக்குள்ளே இருக்கும் நூல் இழை வெளியே தெரிந்தது. பழைய எஞ்சினின் இழுப்பைத் தாங்கிக்கொண்டிருந்த கப்ளிங் அது, வி8இன் இழுப்பில் அதற்கு எத்தனை நாள் ஆயுள்? 200இல் அது அறுந்தால் ஷாஃப்ட் அடியில் சாட்டையாக அடிக்கும். அங்கேதான் பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் ஓடுகின்றன. கப்ளிங் இரண்டையும் நடு பேரிங்கையும் மாற்றி, ஷாஃப்டை பேலன்ஸ் செய்த பிறகு நடுக்கம் சுத்தமாக நின்றது. புதுக் கப்ளிங் பெரிய செலவே இல்லை, எஞ்சின் வேலைக்கான பில்லோடு ஒப்பிட்டால் அது ஒரு கடைசி வரி.

அந்தப் பெரியவரிடம் நான் கேட்டேன், "ஐயா, இந்தக் கார் பாதுகாப்பான கார்தானே?" யோசித்துவிட்டு, "அது எந்த வேகத்துக்குன்னு செஞ்சாங்களோ அந்த வேகத்துக்கு" என்றார். வீட்டுக்கு வந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். டபிள்யூ 126 தன் காலத்தில் பாதுகாப்பில் முன்னோடிதான். மெர்சிடிஸ் 1981இல் ஓட்டுநர் ஏர்பேக்கை முதலில் கொண்டுவந்தது இந்தக் காரில்தான். எதிரே வருகிற வண்டி ஒரு பக்கமாக மட்டும் மோதும் விபத்தை மனதில் வைத்து, முன்பக்கத்தின் 40 சதவீதம் மட்டும் 55 கிலோமீட்டர் வேகத்தில் மோதினாலும் ஆட்கள் இருக்கும் கூடு நசுங்காதபடி வடிவமைத்தார்கள். பெருமைப்பட வேண்டிய வேலை. ஆனால் 220 என்பது 55இன் நான்கு மடங்கு, அப்படியானால் மோதும் ஆற்றல் பதினாறு மடங்கு. அதற்கு அந்த உலோகம் பதில் சொல்ல முடியாது. நாற்பது வருடத் துருவும் சேர்ந்துகொண்டால்? ஜாக்கி வைக்கும் இடம், பின்கண்ணாடியின் கீழ்விளிம்பு, அடித்தளம் இதெல்லாம் இந்தக் காரில் துரு பிடிக்கும் இடங்கள், பெயிண்ட் பளபளப்பாக இருப்பதைப் பார்த்து ஏமாறவே கூடாது. சீட் பெல்ட்டையும் இழுத்துப் பாருங்கள். வெயில் பட்டுப்பட்டு என் பெல்ட்டின் ஓரம் பிசிறு பிசிறாக நின்றது, முதல் பட்டறையில் பதினொரு மாதம் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

இதில் ஒரு பழைய உதாரணம் எனக்குப் பிடிக்கும். ஏஎம்ஜி, கார்களுக்கு வேகம் ஏற்றித் தர 1967இல் தொடங்கிய சின்னக் கம்பெனி. 1971இல் 300 எஸ்இஎல் ஒன்றை எடுத்து, எஞ்சினை 6.8 லிட்டராக்கி, 428 குதிரைத்திறன் ஏற்றி, பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேரப் பந்தயத்தில் இறக்கினார்கள். அவ்வளவு கனமான சொகுசு கார் இரண்டாவது இடம் பிடித்தது, தன் பிரிவில் முதலிடம். சிவப்பு நிறம், அதற்கு 'சிவப்புப் பன்றி' என்றே பட்டப்பெயர். எல்லோரும் அந்த 428ஐ மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அந்தக் கார் டயரையும் பெட்ரோலையும் மற்ற கார்களைவிட எவ்வளவு வேகமாகத் தின்றது என்பதை யாரும் பேசுவதில்லை. அவர்களுக்குப் பிட்டில், அதாவது பந்தயத்தின் நடுவே காரை நிறுத்திப் பார்க்கும் இடத்தில், டயரோடு ஆட்கள் காத்திருந்தார்கள், எதிரே வண்டி வராத தடம் இருந்தது. வீட்டு வாசலில் காரை நிறுத்துகிற நமக்கு அதெல்லாம் கிடையாது. பின்னாளில் அந்தக் காரை மாத்ரா என்ற பிரெஞ்சு நிறுவனம் வாங்கி விமானத் துறைச் சோதனைகளுக்குப் பயன்படுத்தியது, ஓடுபாதை நீளத்துக்குள் அவ்வளவு வேகம் பிடிக்கிற கார் வேறு கிடைக்கவில்லை போலும்.

பில் விஷயம். சொன்னதைவிட ஒன்றரை மடங்கு வந்தது, பழைய காரில் கூடத்தான் செய்யும், அதற்காக நான் நட்சத்திரம் குறைக்கவில்லை. எஞ்சின் பகுதிக்கு ஒவ்வொரு பாகமும் தனி வரியில் எழுதிக் கொடுத்தார்கள். பிரேக், ஸ்டியரிங் எல்லாம் அடங்கிய சேஸிஸ் பகுதிக்கு மட்டும் "பொது வேலை" என்று ஒரே வரி. அந்த ஒற்றை வரியைப் பார்த்ததுமே நான் கேட்டிருக்க வேண்டும். இன்னொன்று, எஞ்சின் மாற்றத்தைப் பதிவு ஆவணத்திலும் இன்சூரன்ஸிலும் சொல்லியாக வேண்டும் என்று அவர்கள் வாய் திறக்கவே இல்லை. மாற்றத்தை மறைத்து வைத்தால் விபத்து நடந்த அன்று கம்பெனி கைவிரிக்க வாய்ப்பு அதிகம்.

மறுபடி செய்வதாக இருந்தால் எப்படிச் செய்வேன் என்று ஒரு நண்பர் கேட்டார். முதலில் பழைய எஞ்சினோடே டயர், பிரேக், ஹோஸ், ஸ்டியரிங் இணைப்புகள், புஷ், பால் ஜாயிண்ட், வீல் பேரிங், கப்ளிங், பெல்ட் எல்லாவற்றையும் முடிப்பேன். முடித்து ஆறு மாதம் ஓட்டுவேன். உண்மையைச் சொன்னால் அந்த ஆறு மாதத்துக்குப் பிறகு வி8 வேண்டும் என்ற ஆசையே பாதி பேருக்குப் போய்விடும், ஏனென்றால் நன்றாக நிற்கிற, நேராகப் போகிற 280 எஸ்இ அவ்வளவு இனிமையான கார். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால், எஞ்சினுக்கு அதே முதல் பட்டறைக்குத்தான் போவேன். கண்ணை மூடிக்கொண்டு போவேன். ஆனால் கார் அங்கிருந்து நேராக அந்தப் பெரியவர் லிஃப்டுக்குத்தான் வரும்.

மதிப்பெண் கேட்பவர்களுக்காக: எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் வேலைக்கு ஐந்துக்கு ஐந்து. பிரேக், டயர், ஸ்டியரிங்குக்கு ஒன்றுகூடக் கொடுக்க மனசில்லை. குறையைச் சொன்னபோது நடந்துகொண்ட விதத்துக்கு இரண்டு, ஏனென்றால் முதலில் மழுப்பினாலும் பிறகு டயருக்கான காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், வாக்குவாதம் இல்லாமல்.

இப்போது 560இன் முன் டிஸ்க்கும் காலிப்பரும் ஏறிவிட்டன, ஹோஸ்கள் புதிது, ஆயிலை வருடம் ஒரு முறை மாற்றுகிறேன். ஸ்டியரிங் பெட்டியைப் பெரியவர் அளவு பார்த்துத் தளர்த்தி, தேய்ந்த இணைப்புகளை மாற்றினார், சக்கரம் தானாக நேருக்கு வருகிறது. பின்பக்கம் பழைய உயரத்துக்கே போய்விட்டது, டபிள்யூ எழுத்து போட்ட 15 அங்குல டயர், இந்த வருடத் தேதி. முன் பால் ஜாயிண்ட் இரண்டும் பெட்டியோடு என் மேசை மேல் இருக்கின்றன, புது சீட் பெல்ட்டும் வந்துவிட்டது, வரும் வாரம் இரண்டையும் மாட்டுகிறார்கள். அதற்குப் பிறகுதான் டிராக். அதுவரை 120ஐத் தாண்டுவதில்லை.